ஊராட்சி என்னும் சொல்லும் ஊர் வருவாயும்

முன்னுரை

ஆதிச்சநல்லூர் என்றவுடன் கற்றோர் நினைவிற்கு முதலில் வருவன முதுமக்கள் தாழிகளே. தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த அவ்வூர்ப் பரம்பினை 1876-இல் செருமானிய அறிஞர் யாகோர் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்து கண்ட வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் பொற்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-இலும் 2021-க்குப் பின்னும் ஒன்றிய அரசின் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டு ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில், களத்திலேயே அருங்காட்சியகம் அமைத்தற்குரிய ஐந்து இடங்களுள் ஒன்றாக இவ்வூர் அறிவிக்கப்பெற்றது. 2023 ஆகஸ்டில் அதற்கு அடிக்கல்லும் நாட்டப்பெற்றது.

இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. ஆதிச்சநல்லூர் இறந்தோரின் களம் மட்டும் அன்று. இருப்போரின் ஊரும் ஆகும். திருவைகுண்டம் வட்டத்தில், கருங்குளம் ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்த ஊராட்சி அது. அங்கு வாழ்வார்க்குக் குடிநீர் வேண்டும், தெருவிளக்கு வேண்டும், குப்பை அகல வேண்டும். இவற்றிற்குரிய பொருள் எங்கிருந்து வருகின்றது, எங்கிருந்து வருதல் தகும் என்னும் வினா பொருளியலார்க்கே உரியது எனத் தமிழ் கற்பார் ஒதுங்கிவிடுதல் வழக்கம். அவ்வாறு ஒதுங்குதற்கு இடமில்லை; ஏனெனில், அவ்வினாவிற்குரிய சான்றுகளுள் ஒரு பகுதி கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் வாழும் தமிழ்ச் சொற்களிலும் கிடக்கின்றது. ஊராட்சி, இறை, இறையிலி, வாரியம், வெட்டி என்னும் சொற்களின் வரலாற்றை ஆராய்ந்து, அவ்வரலாறு இன்றைய உள்ளூர் வரிச் சீர்திருத்தத்திற்கு யாது கூறுகின்றது எனக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊராட்சி: சொல்லின் பழம்பொருள்

இன்று ஊராட்சி என்னும் சொல்லால் நாம் குறிப்பது ஊரினை ஆளும் அமைப்பினை. பஞ்சாயத்து என்னும் வடசொல் வழக்கிற்கு ஈடாக இச்சொல் சட்டத்திலும் அலுவலகங்களிலும் நிலைபெற்றுவிட்டது. இது புதிதாகப் புனைந்த சொல் என்று கருதுவாரும் உளர். ஆயின், முதல் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006-இல், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரினை அளித்த செய்தியைக் கூறும் பெருஞ்செப்பேட்டில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அங்கு அது ஆளும் அமைப்பின் பெயரன்று; ஒரு வரியின் பெயர்.

அச்செப்பேடு, விகாரத்திற்கு விடுபட்ட வரிகளை நீண்ட பட்டியலாகத் தருகின்றது. நாடாட்சி, ஊராட்சி எனத் தொடங்கும் அப்பட்டியலில் கண்ணாலக்காணம், வண்ணாரப்பாறை, குசக்காணம், நீர்க்கூலி, தறிப்புடவை, தரகு, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம், நாடுகாவல், உல்கு, ஓடக்கூலி, மன்றுபாடு முதலியன அடுக்கி வருகின்றன. இவற்றுள் சிலவற்றின் நுண்பொருள் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், நாட்டின் ஆட்சிக்கெனக் கொண்ட இறை நாடாட்சி எனவும் ஊரின் ஆட்சிக்கெனக் கொண்ட இறை ஊராட்சி எனவும் பெயர்பெற்றன என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அரசன் விட்டுக்கொடுக்கும் வரிகளின் பட்டியலில் ஊராட்சி இடம்பெற்றுள்ளமையால், அது முற்றிலும் ஊரார் கையிலேயே நின்ற பொருள் எனத் துணிதல் இயலாது. நாம் துணியக்கூடியது ஒன்றே: ஊரினை ஆளுதலையும் அதற்கெனப் பொருள் கொள்ளுதலையும் அக்காலத்தார் இரு வேறு செயல்களாக எண்ணவில்லை, இரண்டினையும் ஒரே சொல்லால் வழங்கினர். இன்றோ அச்சொல்லில் ஆட்சி எஞ்சியுள்ளது, வருவாய் நீங்கிவிட்டது. சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் ஊரிலும் நேர்ந்துள்ளது என்பது பின்னர் விளங்கும்.

அப்பட்டியல் மற்றொன்றையும் உணர்த்தும். குயவனிடம் கொள்வது குசக்காணம், தட்டானிடம் கொள்வது தட்டாரப்பாட்டம், ஓடத்திற்கு ஓடக்கூலி. யாரிடம், எதன்பொருட்டு என்பது வரியின் பெயரிலேயே விளங்கிற்று. தருவோன் தான் தருவது யாது என அறிந்து தந்தான். திருநெல்வேலிச் சீமையில் வீட்டுவரியினை இன்றும் வீட்டுத் தீர்வை எனச் சொல்வார் உளர். தீர்வை என்பது தீர் என்னும் வினையடியாகப் பிறந்தது. கடன் தீர்த்தல் என்னும் கருத்து அதனுள் நிற்கின்றது. ஈழத்தில் யாழ்ப்பாணத்தார் அதனைச் சோலைவரி என்பர். சோழர் காலத்துப் புரவுவரித் திணைக்களம் என்னும் பெயரிலுள்ள திணைக்களம், இலங்கையின் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்னும் பெயரில் இன்றும் வாழ்கின்றது.

ஊர் முதல் பேணிய வகை

பொருள் பெறுவதற்கும் காப்பதற்கும் தகுதி வாய்ந்த ஓர் ஆளாக அக்கால ஊர் கருதப்பட்டது என்பதற்குத் தாமிரபரணி நாட்டிலேயே சிறந்த சான்றுகள் உள்ளன. பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்து அம்பாசமுத்திரக் கல்வெட்டு, கோயில் திருவமுதிற்காக 290 காசு முதலாக வைக்கப்பட்டதனையும், காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு இரண்டு கலம் நெல்லாக 580 கலம் பொலிசை வரவேண்டும் என வரையறுத்ததனையும் கூறும். திருச்செந்தூரிலுள்ள அவன் கல்வெட்டோ இதனினும் பெரிய அளவினது. 1400 காசு பல ஊர்களின் சபையாரிடமும் ஊராரிடமும் பகிர்ந்து வைக்கப்பட்டது. அதே விழுக்காட்டில் ஆண்டுதோறும் 2800 கலம் நெல் கோயிலுக்கு அவர்கள் அளக்கக் கடமைப்பட்டனர்.

வேந்தன் முதலை ஊரிடம் ஒப்படைக்கின்றான். ஊர் அம்முதலைக் குறையாமற் காத்து, தன் வேளாண்மையிலும் நீர்நிலையிலும் ஈடுபடுத்தி, பொலிசையைத் தலைமுறை தலைமுறையாக அளக்க உடன்படுகின்றது. ஊரவையார் மாறுவர், ஊர் மாறாது. எனவே ஊர் என்பது மக்கள் தொகுதி மட்டுமாக இல்லாமல், கடன்படவும் கடன் தீர்க்கவும் உரிய நிலைத்த ஆளாக நின்றது. இன்று ஓர் ஊராட்சியிடம் வேந்தனோ வங்கியோ அவ்வாறு முதல் ஒப்படைக்கத் துணியுமா என எண்ணிப் பார்ப்பார்க்கு, இடையில் இழந்தது யாது என்பது விளங்கும்.

எனினும், வருவாயெல்லாம் ஊருக்கே உரியதாக இருந்தது எனல் பிழை. இதே நாட்டின் கடற்கரையில் கொற்கையில் குளித்த முத்து ஊரின் செல்வமாக நிற்கவில்லை. அது முதலில் பாண்டியர்க்கும், பின்னர் மதுரை நாயக்கர், போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனக் கடலை ஆண்டார்க்கும் வருவாயாயிற்று. முத்துக்குளிப்போன் காலிற் கட்டி இறங்கும் கல்லே உரிமையை அளக்கும் அலகாகவும் வழங்கிற்று. தூத்துக்குடியில் பெருமுத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. துறையும் கடலும் தரும் பெருவரி பேரரசிற்கும், மனையும் தொழிலும் தரும் சிறுவரி ஊருக்கும் எனும் பிரிவு நெடுங்காலத்தது. இன்றும் பொருள்களின் மீதான வரி 2017 சூலை முதல் சரக்கு சேவை வரியாக ஒன்றியமும் மாநிலமும் பகிர்வதாக இருக்க, ஊராட்சிக்கு மனையே எஞ்சி நிற்கின்றது. ஆகவே, மனைவரியை இழந்த ஊர் எல்லாவற்றையும் இழந்த ஊராகும்.

இறையிலியும் இறைகாவலும்

இறை என்னும் சொல் கடவுளையும் அரசனையும் வரியையும் ஒருங்கே குறிப்பது. வரி நீங்கிய நிலம் இறையிலி. கோயிலுக்கும் மடத்திற்கும் அறநிலையத்திற்கும் நிலம் இறையிலியாக விடப்பட்டமையைக் கூறும் கல்வெட்டுக்கள் எண்ணிறந்தன. அவற்றை அறத்தின் சான்றாக மட்டுமே நாம் கற்பிக்கின்றோம். ஆயின், அதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஊர் அரசனுக்குச் செலுத்தவேண்டிய இறை ஊர் முழுமைக்கும் உரியது. ஒருவன் நிலம் இறை நீங்கினால், அவ்விறை ஏனையோர் தலைமேல் ஏறும்.

இத்தீங்கினை அக்காலத்தார் அறிந்திருந்தனர். நிலத்தை இறையிலியாக்க விரும்புவோன், அதற்கு ஈடாக ஒரு தொகையை ஊர்ச்சபையிடம் முன்னரே செலுத்தினான். அதனை இறைகாவல் என்றும் இறைத்திரவியம் என்றும் கல்வெட்டுக்கள் கூறும். அதனைப் பெற்றுக்கொண்ட சபை, அந்நிலத்தின் இறையைத் தானே என்றும் இறுக்க உடன்பட்டது. அஃதாவது, இறையிலி என்பது இறை இல்லாத நிலமன்று. இறையை மற்றொருவர் முன்னரே ஈடுசெய்த நிலம்.

இம்முறையில் குறையும் இருந்தது. இன்று கைக்கு வரும் பெருந்தொகைக்காக நாளை வருவார் தலையில் நிலையான சுமையை ஏற்றும் சபைகளும் இருந்திருக்கும். வாங்கிய தொகை செலவாகிவிட, இறை மட்டும் எஞ்சும். ஆயினும், சலுகை தருவோன் வேறு, அதன் சுமையைத் தாங்குவோன் வேறு ஆகலாகாது என்னும் நெறி அதில் தெளிவாக உள்ளது. இந்நெறியை நினைவில் கொள்க. ஆதிச்சநல்லூர்ப் பரம்பிற்கு வரும்போது இது மீண்டும் வேண்டப்படும்.

வாரியமும் கணக்கும்

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. ஊரினை 30 குடும்புகளாகப் பகுத்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையைப் பள்ளி மாணவரும் அறிவர். வருவாய் நோக்கிற் காண்பார்க்கு அவற்றுள் வேறு இரு செய்திகள் சிறந்தவை. வாரியத்தில் அமர்வோன் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும் என்பது ஒன்று. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது மற்றொன்று. இறுப்போனே செலவு செய்வான். கணக்குக் காட்டாதோன் மீண்டும் தொடலாகாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனச் செலவின் துறை ஒவ்வொன்றும் தனித்தனி வாரியத்தின் பொறுப்பில் நின்றது.

வாரியம் என்னும் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தையும் மின்வாரியத்தையும் வீட்டுவசதி வாரியத்தையும் அறியாதார் இலர். ஊரார் தம்முள் தேர்ந்த ஆறு பேர் ஏரியைக் காத்த அமைப்பின் பெயர், மாநிலம் முழுமைக்கும் தலைநகரிலிருந்து நடத்தும் நிறுவனத்தின் பெயராயிற்று. அந்நிறுவனங்கள் செய்த பணி பெரிது, அதனை மறுத்தற்கில்லை. சொல் ஊரைவிட்டுத் தலைநகருக்குக் குடிபெயர்ந்தபோது பொருளும் பொறுப்பும் உடன் சென்றன என்பதே கருதற்குரியது.

இங்கே பழமையைப் பொற்காலமாகப் போற்றும் மயக்கத்திற்கு இடந்தரலாகாது. திருநெல்வேலியை அடுத்த மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களுக்கு ஒரு நூற்றாண்டளவு முந்தியது. சபையில் கருத்துரைக்கும் உரிமை யாருக்கு உண்டு என அது வரையறுக்கின்றது. ஊரில் முழுப் பங்குடையோராகவும் மறைநூலிலும் தருமநூலிலும் பயிற்சி உடையோராகவும் இருத்தல் வேண்டும். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் அன்று அன்று என்று மறுத்து இடையூறு செய்வோர்க்கு ஐந்து காசு தண்டம். ஒழுங்கிற்குச் சிறந்த விதிகளே. ஆனால் அவ்வவை பிரமதேயத்து நிலவுடைமையாளர் அவை. உழுவோரும் நெய்வோரும் பெண்டிரும் அதில் இலர். வரி தந்த குயவனும் தட்டானும் அவ்வரி செலவாகும் முறை பற்றி அங்கே வாய் திறந்திரார்.

வெட்டி என்னும் சொல் அக்காலத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டும். கூலியின்றி ஊருக்கோ அரசிற்கோ செய்யவேண்டிய கட்டாய உழைப்பே வெட்டி. இன்று வெட்டிவேலை என்றால் பயனற்ற வேலை. உழைத்தவனுக்கு அவ்வுழைப்பின் பயன் திரும்பவில்லை என்னும் மனக்குறையே இப்பொருள் மாற்றத்தில் படிந்துள்ளது எனக் கருதுதல் பொருந்தும். குடிமராமத்தும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஊரார் கூடிக் குளத்தையும் காலையும் செப்பனிட்ட அவ்வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அதனை வற்புறுத்த முயன்றது. சட்டத்தால் வழக்கம் உயிர்பெறவில்லை. 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே நீர்நிலைப் பணிகளைத் தொடங்கியபோது, பணத்தின் பெரும்பகுதி அரசினது ஆயிற்று. பயன் திரும்பிவரக் காணாத எவ்வரியும் காலப்போக்கில் வெட்டியாகவே மக்கள் நாவில் மாறும்.

இன்றைய நிலை

ஊர்களின் பொருளுரிமை தளர்ந்து நெடுங்காலத்திற்குப் பின், 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் உள்ளூராட்சிக்குப் புதிய வித்திட்டது. 1884-இல் சென்னை மாகாணத்தில் தலக் கழகச் சட்டம் வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் மாநிலம் முழுவதும் ஊராட்சிகளையும் ஒன்றியங்களையும் நிறுவிற்று. அச்சட்டத்தின் கீழ், ஊராட்சி திரட்டிய வீட்டுவரிக்கு ஈடாக அரசும் மானியம் வழங்கிற்று. முயன்று திரட்டும் ஊருக்கு முயற்சியின் அளவே உதவி என்னும் இவ்வேற்பாடு நுட்பமானது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இன்றைய அமைப்பிற்கு அடிப்படை. வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலம் ஊராட்சிக்கு வழங்கலாம் என அரசியலமைப்பின் 243-எச் பிரிவு கூறும். ஐந்தாண்டிற்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைத்தல் வேண்டும் என அடுத்த பிரிவு கூறும்.

ஊராட்சியின் சொந்த வருவாய் இனங்கள் சிலவே: வீட்டுவரி, தொழில்வரி, விளம்பரவரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, மீன்பாசிக் குத்தகை முதலியன. தொழில்வரி ஒருவர்க்கு ஆண்டிற்கு 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாது என 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பே எல்லை கட்டியுள்ளது. அவ்வெல்லை வகுத்தபின் ஊதியங்கள் பலமடங்கு உயர்ந்தன, எல்லை உயரவில்லை.

இவற்றின் பயன் யாது? இந்திய ரிசர்வ் வங்கி 2024 சனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, நாடு முழுவதும் ஊராட்சிகளின் வருவாயில் சொந்த வரி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஒன்றியத்தின் மானியம் ஏறத்தாழ 80. மாநிலங்களின் மானியம் ஏறத்தாழ 15. 2022-23-இல் ஓர் ஊராட்சி சராசரியாகத் தன் வரியால் ஈட்டியது 21,000 ரூபாய்; ஒன்றிய மானியமாகப் பெற்றது ஏறத்தாழ 17 இலட்சம். மானியத்திலும் உரிமை குறைவு. 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாம் நிதி ஆணையம் ஊரக அமைப்புக்களுக்குப் பரிந்துரைத்த 2,36,805 கோடி ரூபாயில், நூற்றுக்கு 60 குடிநீருக்கும் துப்புரவிற்கும் எனக் கட்டப்பட்டது. எஞ்சிய 40-ஏ ஊரார் விருப்பிற்குரியது.

பொருட்செயலை நான்கு படிகளாகப் பகுத்து, அவற்றில் வல்லமையே அரசாம் எனத் திருக்குறள் இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் உரைப்பார். பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததனைச் சேர்த்தல், சேர்த்ததனைக் காத்தல், காத்ததனைப் பகுத்தளித்தல் என்பன அவை. இன்றைய ஊராட்சியை இவ்வளவைக்கோலால் அளந்து காண்க. வழி உண்டாக்கும் உரிமை ஏட்டில் உண்டு, செயலிற் சிறிது. சேர்ப்பதும் சிறிது. பகுத்தளித்தலிலும் பெரும்பகுதி முன்னரே பகுத்து வருகின்றது. நான்காம் படியின் ஒரு பாதியில் மட்டும் நிற்கும் அமைப்பினை அரசு என்று சொல்லுதல் முகமனேயன்றி வேறன்று.

இதன் இடர் 2016 அக்டோபரில் வெளிப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் நடவாது நின்றமையால், 2019 இறுதிவரை ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பெற்ற அமைப்பு இல்லை என்னும் காரணத்தால் ஒன்றிய மானியமும் தடைப்பட்டது. தேர்தல் நடத்தாதது ஊரின் குற்றமன்று; தண்டனை ஊருக்கு ஆயிற்று. 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பெற்ற தூத்துக்குடி முதலிய மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 சனவரியில் முடிய, அவை மீண்டும் தனி அலுவலரிடம் சென்றன. சொந்த வருவாய் உடைய ஊர் இத்தகைய இடைவெளியை ஒருவாறு தாங்கும். மானியமே உயிராக உடைய ஊர் தாங்காது.

பரம்பும் ஊரும்

இனி ஆதிச்சநல்லூர்க்கு மீள்வோம். ரீ கண்ட பரம்பின் பரப்பு ஏறத்தாழ 114 ஏக்கர். பாதுகாக்கப்பட்ட தொல்லியற் களம் ஒன்றன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்புதல் தடுக்கப்பட்டது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே எழுப்பலாம் எனத் தொல்லியற் களங்கள் பற்றிய 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறும். இவ்விதி நன்று; இஃதின்றேல் நம் தொன்மை செங்கற்சூளைக்கு இரையாகும். ஆயின், வீட்டுவரியே முதன்மை வருவாயாகிய ஊராட்சிக்கு இதன் பொருள் யாது? புதிய வீடு எழுதற்குரிய நிலம் குறுகும். வரி வளர்தற்குரிய வழியும் குறுகும். மேலும், ஒன்றியத்தின் சொத்திற்கு மாநிலமோ அதன் உள்ளாட்சியோ வரி விதிக்கலாகாது என அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு விலக்கு அளிக்கின்றது. காண வருவார் தொகை பெருகும். அவர்க்குக் குடிநீரும் வழியும் துப்புரவும் வேண்டப்படும். செலவு ஊருக்கு வளர, வரவு வளராது.

பழஞ்சொல்லால் கூறின், பரம்பு இக்காலத்து இறையிலி. அன்று இறையிலி செய்தோன் இறைகாவல் தந்தான். இன்று நாடு முழுவதற்கும் உரிய பயனுக்காக இறையிலி செய்யும் அரசு, இறைகாவல் தரவில்லை. சுமை ஊரார் தலையில் நின்றது.

இது நடவாத கற்பனையன்று. இராசுகோட்டு மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்சநீதிமன்றத்தின் முன் அமைந்த ஏற்பாட்டின்படி, ஒன்றிய அரசின் கட்டடங்கள் சொத்துவரி செலுத்தாவிடினும் பணிக்கட்டணம் செலுத்துதல் வேண்டும்; நகராட்சியின் பணிகளை முழுமையும் பெறுவன சொத்துவரியில் நூற்றுக்கு 75, ஒரு பகுதி பெறுவன 50, ஒன்றும் பெறாதன மூன்றில் ஒரு பங்கு என அளவும் வகுக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கூட்டரசின் வரியிலி நிலங்களுக்கு ஈடாக உள்ளாட்சிகளுக்குப் பொருள் வழங்க 1976-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. நகரத்திற்கு ஏற்ற நெறி ஊருக்கும் ஏற்றதே. பாதுகாக்கப்பட்ட களத்தின் பரப்பையும் அதனைச் சூழ்ந்த தடைப்பரப்பையும் கணக்கிட்டு, ஊராட்சிக்கு ஆண்டுதோறும் ஓர் ஈட்டுத்தொகை வழங்குதல் இறைகாவல் நெறியை மீட்பதாகும். தாழியும் பொன்னும் பெர்லினுக்கும் சென்னைக்கும் சென்ற ஊருக்கு, எஞ்சிய நிலத்தின் பயனிலேனும் ஒரு பங்கு உரியது.

சீர்திருத்தத்திற்குரிய நெறிகள்

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. இறையிலிக்கு இறைகாவல் வேண்டும் என்பது முதலாவது. இது தொல்லியற் களத்திற்கே அன்றி, ஊரெல்லைக்குள் அமைந்த ஏனைய அரசுச் சொத்துக்களுக்கும் பொருந்தும். இரண்டாவது, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஈட்டுமானியம் புதிய வடிவிற் புதுக்கப்படுதல் நன்று. திரட்டுவார்க்கும் திரட்டாதார்க்கும் ஒரே மானியம் எனின், அயலார் பகைக்கும் வரியைத் தண்ட எத்தலைவரும் முன்வாரார். ஆயின், ஏழை ஊர் முயன்றாலும் சிறிதே திரட்டும். ஆதலின் ஈடு தொகையளவில் இராது, இயன்றதில் எவ்வளவு திரட்டினர் என்னும் விழுக்காட்டளவில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வீட்டுவரி காலந்தோறும் சிறிது சிறிதாகத் திருத்தப்படுதல் வேண்டும். நெடுங்காலம் தொடாது விட்டு ஒருநாளில் உயர்த்தினால் எதிர்ப்பே விளையும். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2022 ஏப்ரலில் சொத்துவரி பரப்பிற்கேற்ப நூற்றுக்கு 25 முதல் 150 வரை உயர்த்தப்பட்டபோது எழுந்த முணுமுணுப்பு அனைவரும் அறிந்ததே. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் யானை புகுந்த வயலை உவமை காட்டிய புறநானூற்றுப் பாடல் (184) வரி விதிப்பார்க்கு என்றும் பாடமாக நிற்பது. யானை உண்பதைவிட அதன் கால் அழிப்பது மிகுதி. அளவறிந்து, முறையறிந்து, அடுத்தடுத்துக் கொள்வது வயலையும் காக்கும், யானையையும் காக்கும்.

நான்காவது, கணக்கு. ஆண்டிற்கு ஆறுமுறை கூடும் கிராமசபையில் வரவும் செலவும் படிக்கப்படுகின்றன. படிக்கப்படுவது தொகை, ஊரார் வேண்டுவது தொடர்பு. இத்தெருவில் திரண்ட தீர்வை இத்தனை, அதனால் இட்ட விளக்கு இவை என வரியின் பெயரும் பயனும் ஒருங்கே விளங்கச் சொன்னால், தருவோன் தான் தந்ததனைக் காண்பான். அக்காலத்து வரிப்பெயர்கள் யாரிடம், எதற்கு என்பதைத் தாமே கூறின. இன்று அப்பணியைக் கணக்கு செய்தல் வேண்டும்.

முடிவுரை

பழைய சபையிடம் வருவாய் இருந்தது; அவையில் எல்லாரும் இல்லை. இன்றைய அவை எல்லார்க்கும் உரியது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. பெண்டிர்க்குப் பாதி இடம் எனத் தமிழ்நாட்டில் 2016-இல் சட்டமாயிற்று. மானூர்ச் சபை வாயிலில் நிறுத்தியிருக்கும் மக்கள் இன்று தலைமை இருக்கையில் அமர்கின்றனர். அவர்கள் அமர்ந்த காலத்தில் கருவூலம் வெறுமையாக இருத்தல் தற்செயலேயாயினும் பெருங்கொடுமை. உரிமையைக் கையில் தந்து பொருளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டால், பழி மட்டும் அவர்களை அடையும்; ஆளத் தெரியாதார் என்னும் பேச்சும் எழும்.

ஆனைமங்கலச் செப்பேட்டில் ஊராட்சி என்னும் சொல்லுக்கு ஆட்சிக்குரிய பொருள் என்பது பொருள். நம் காலத்தில் அதற்கு மக்கள் எல்லார்க்கும் உரிய ஆட்சி என்பது பொருள். இவ்விரண்டு பொருளும் ஒரு சொல்லில் மீண்டும் கூடும் நாளே, அச்சொல் தன் முழுப்பொருளைப் பெறும் நாளாகும். அதற்குரிய வேலை சட்டம் செய்வாரிடமும் நிதி ஆணையத்தாரிடமும் உள்ளது. அதற்குரிய சான்றுகளைக் கல்லினின்றும் செப்பினின்றும் எடுத்து விளக்கும் வேலை தமிழ் கற்ற நம்மிடம் உள்ளது.